மதர்போர்டு மட்டும் மாற்றினால் போதும் என்று நினைத்தேன்

திண்டிவனத்தில் நானும் என் மனைவியும் சேர்ந்து திருமண அழைப்பிதழ், நோட்டீஸ், பில் புத்தகம் ஆகியவற்றை வடிவமைத்து அச்சுக்கு அனுப்பும் சிறிய கடை ஒன்றை நடத்தி வருகிறோம். கடையின் உயிர்நாடியாக இருந்தது 2015-ஆம் ஆண்டு புதிதாக வாங்கிய ஒரு டெஸ்க்டாப் கணினி. பெயர் பெற்ற பன்னாட்டு நிறுவனம் ஒன்று அலுவலகங்களுக்கென்று தயாரித்த மாடல் அது; நான்காம் தலைமுறை இன்டெல் ஐ5 பிராசசர், 8 ஜிபி டிடிஆர்3 ராம், 2019-இல் நாங்கள் சேர்த்த, எஸ்எஸ்டி எனப்படும் வேகமான சேமிப்பு டிஸ்க். இதைவிட வேகமான கணினியை எப்போதோ வாங்கியிருக்கலாம். ஆனால், ஒன்பது ஆண்டுகளாகச் சேர்த்த அழைப்பிதழ் மாதிரிகள் அனைத்தும் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில், யூனிகோடு என்ற பொது எழுத்துக் குறியீட்டு முறைக்கு முந்தைய பழைய தமிழ் எழுத்துருக்களில் இருந்தன. அந்த எழுத்துருக்களும் விசைப்பலகை மென்பொருளும் இந்தக் கணினியில்தான் சிக்கலின்றி இயங்கின என்பதால், வேறு கணினிக்குக் குடிபெயர எங்களுக்குத் துணிவு வரவில்லை.

2024 ஆகஸ்ட் இரண்டாம் வாரம், ஆடி முடியும் தறுவாயில் ஆவணி முகூர்த்தங்களுக்கான வேலைகள் குவியத் தொடங்கியிருந்த நேரம். முந்தைய இரவு மின்சாரம் நான்கைந்து முறை போய் வந்திருந்தது. யுபிஎஸ் பேட்டரி செத்து ஓராண்டு ஆகியிருந்ததை நான் அறிவேன். அடுத்த மாதம் மாற்றலாம் என்று ஒவ்வொரு மாதமும் தள்ளி வைத்தவனும் நானே. காலையில் பொத்தானை அழுத்தினால், விசிறி ஒரு நொடி சுழன்று நின்றது. பச்சையோ வெள்ளையோ எரிய வேண்டிய விளக்கு, மஞ்சள் நிறத்தில் விட்டு விட்டு எரிந்தது. திரையில் எதுவும் இல்லை. அன்று மட்டும் மூன்று அழைப்பிதழ்களுக்குப் பிழை திருத்தம் பார்த்துக் கொடுப்பதாக வாக்களித்திருந்தோம்.

பக்கத்துத் தெருவில் கணினி பழுது பார்க்கும் தம்பியை அழைத்தேன். விசிறி சுழன்று நிற்பதைப் பார்த்ததும், கணினிக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் எஸ்எம்பிஎஸ் போய்விட்டது என்று உறுதியாகச் சொன்னார். தம்முடைய கடையிலிருந்து வழக்கமான எஸ்எம்பிஎஸ் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டப் பார்த்தபோதுதான் முதல் அதிர்ச்சி. சந்தையில் கிடைக்கும் எந்த எஸ்எம்பிஎஸ்ஸிலும் போர்டுக்கு, அதாவது எல்லாப் பாகங்களையும் இணைக்கும் மதர்போர்டுக்குச் செல்லும் முதன்மை கனெக்டர் 24 பின் (இணைப்பு முனை) கொண்டதாக இருக்கும். எங்கள் கணினியின் போர்டில் இருந்ததோ 8 பின் சாக்கெட். இந்த நிறுவனம் அந்தத் தலைமுறையிலிருந்து தன் வழியை மாற்றிக்கொண்டிருக்கிறது என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து 12 வோல்ட் மட்டும் போர்டுக்கு வரும். 5 வோல்ட், 3.3 வோல்ட் ஆகியவற்றைப் போர்டே தயாரித்துக்கொள்ளும். ஹார்டு டிஸ்குக்கும் டிவிடி டிரைவுக்கும் உரிய மின்சாரமும் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து நேராகச் செல்லாமல் போர்டிலிருந்தே கிளை பிரிந்து செல்லும். இந்தக் கடைசிச் செய்தியின் முக்கியத்துவம் அப்போது எனக்கு உறைக்கவில்லை. பின்னர் அதற்கு விலை கொடுத்தேன்.

அந்தத் தம்பி விழுப்புரத்தில் தமக்குத் தெரிந்த ஒருவரிடமிருந்து அதே வகைப் பழைய எஸ்எம்பிஎஸ்ஸை 900 ரூபாய்க்கு வரவழைத்துத் தந்தார். வந்து சேர இரண்டு நாள் ஆயிற்று. மாட்டினோம், அதே மஞ்சள் விளக்கு. கழற்றி வைத்திருந்த எங்கள் எஸ்எம்பிஎஸ்ஸைக் கையில் எடுத்துத் தூசி துடைத்தபோது, அதன் பின்புறத்தில் ஒரு சிறு பொத்தானும், அதன் அருகில் சிறு விளக்கும் இருப்பதைக் கண்டேன். போர்டிலிருந்து இணைப்பைக் கழற்றிவிட்டு, மின்சாரம் கொடுத்து, அந்தப் பொத்தானை அழுத்தினால் பச்சை விளக்கு எரியும். எரிந்தால் எஸ்எம்பிஎஸ் பெரும்பாலும் நன்றாக இருக்கிறது என்று பொருள். எங்களுடையது பச்சையாகவே எரிந்தது. ஒரு பொத்தானை அழுத்திப் பார்த்து அரை நிமிடத்தில் அறிந்திருக்க வேண்டியதை, 900 ரூபாயும் இரண்டு நாளும் கொடுத்து அறிந்தேன்.

ஆகவே, இதே நிலையில் இருப்பவர்கள் எதையும் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியவை சில உண்டு. மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, எஞ்சிய மின்னூட்டத்தை வெளியேற்றிவிட்டு மறுபடி முயலுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸில் சோதனைப் பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். டிஸ்க், டிவிடி, முன்பக்க யுஎஸ்பி அனைத்தையும் கழற்றிவிட்டு, ஒரே ஒரு ராமை மட்டும் வைத்து, ஒவ்வோர் இடத்திலும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். ராமே இல்லாமல் இயக்கினால், நல்ல போர்டு பீப் ஒலியாலோ விளக்காலோ முறையிடும். அப்போதும் ஊமையாக இருந்தால் சந்தேகம் போர்டின் மீது திரும்ப வேண்டும். விளக்கின் நிறமும் அது எத்தனை முறை விட்டு எரிகிறது என்பதும் என்ன சொல்கின்றன என்பதை அந்த மாடலின் கையேட்டில் எழுதியிருப்பார்கள். நாங்கள் இவற்றையெல்லாம் மூன்றாம் நாள்தான் செய்து முடித்தோம். எதற்கும் போர்டு வாய் திறக்கவில்லை.

நிறுவனத்தின் சேவை மையத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். உத்தரவாதக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது, அந்த உதிரிபாகம் இப்போது வருவதில்லை என்று மரியாதையாகச் சொல்லி முடித்துக்கொண்டார்கள். எனவே மறுநாள் காலை ரயிலேறி எழும்பூரில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோவில் ரிச்சி தெருவுக்குச் சென்றேன். மவுண்ட் ரோட்டை ஒட்டிய அந்தத் தெருவில் கிடைக்காத கணினிப் பொருள் இல்லை என்பார்கள். உண்மைதான், ஆனால் என்ன வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்து போகிறவனுக்குத்தான் அது உதவும். நான் கையில் கொண்டு போனது, ஐ5 நான்காம் தலைமுறை என்ற ஒரே தகவலை. முதல் கடையிலேயே, அந்தப் பிராசசர் உட்காரும் எச்81 சிப்செட் கொண்ட புதிய போர்டு ஒன்றை 2,900 ரூபாய்க்குக் காட்டினார்கள். புதியது, ஓராண்டு உத்தரவாதம், டிடிஆர்3 ராமும் பொருந்தும். எஸ்எம்பிஎஸ் வேறு வகை என்று சொன்னதும், 850 ரூபாய்க்குச் சாதாரண எஸ்எம்பிஎஸ் ஒன்றையும் எடுத்து வைத்தார் கடைக்காரர். "புது கேபினெட்டும் சேர்த்து எடுத்துக்கோங்க சார், இல்லேன்னா கஷ்டப்படுவீங்க" என்றும் சொன்னார். வியாபாரத்துக்காகச் சொல்கிறார் என்று எண்ணி மறுத்துவிட்டேன். அன்று எனக்குக் கிடைத்த ஒரே நேர்மையான அறிவுரை அதுதான்.

வீட்டுக்கு வந்து பிரித்து வைத்தபோது ஒவ்வொன்றாக இடறியது. நிறுவனக் கணினியின் கேபினெட்டில் பின்பக்கத் துளைகளைக் கொண்ட தகடு தனியாகக் கழற்றும்படி இல்லை. பெட்டியோடு சேர்த்தே வெட்டப்பட்டிருந்தது. புதிய போர்டின் யுஎஸ்பி, மானிட்டர் இணைப்புகள் அந்தத் துளைகளுக்கு நேராக வரவில்லை. திருகுத் துளைகளில் இரண்டு பொருந்தவில்லை. முன்பக்கப் பவர் பொத்தானுக்கான கம்பிகள் சாதாரணக் கணினியில் தனித்தனி முனைகளாக இருக்கும். இதில் எல்லாம் ஒரே கட்டியான கனெக்டரில் அடைக்கப்பட்டிருந்தன. பிராசசர் விசிறியின் கனெக்டரில் 5 பின். புதிய போர்டில் 4. இவை போதாவென்று, பழைய எஸ்எம்பிஎஸ்ஸையாவது பயன்படுத்தலாமா என்று பார்த்தால், டிஸ்குக்கான மின்சாரம் போர்டிலிருந்தே வர வேண்டும் என்று மேலே சொன்னேன் அல்லவா, புதிய போர்டில் அப்படி ஒரு வெளியேறு வழியே கிடையாது. புதிய எஸ்எம்பிஎஸ்ஸோ பெட்டியின் திருகு இடங்களோடு ஒத்துப்போகவில்லை. இரவு பதினொரு மணிக்கு, நான்கு திருகில் தொங்கும் போர்டும் வெளியே கிடக்கும் எஸ்எம்பிஎஸ்ஸுமாக நான் தரையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்த என் மனைவி, "ஊருக்கெல்லாம் கல்யாணப் பத்திரிகை அடிக்கிறோம், நமக்குப் பொருத்தம் பாக்கத் தெரியலையே" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று மாலைதான், வாடிக்கையாளர் ஒருவர் முன்பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு எதிர்க் கடைக்குப் போயிருந்தார்.

நிறுவனக் கணினிகளில் மதர்போர்டு என்பது தனியான ஒரு பாகம் அன்று. எஸ்எம்பிஎஸ், கேபினெட், விசிறி, முன்பக்கப் பொத்தான் ஆகிய அனைத்தோடும் சேர்த்து வடிவமைக்கப்பட்ட ஒரு தொகுதியின் நடுப்பகுதி அது. பொதுச் சந்தைப் போர்டைப் போட வேண்டுமானால், கேபினெட், எஸ்எம்பிஎஸ், விசிறி மூன்றையும் சேர்த்து மாற்றும் எண்ணத்தோடு இறங்க வேண்டும். அதில் தவறேதும் இல்லை, பிற்காலத்துக்கு அதுவே வசதியும்கூட. அதைச் செய்ய மனம் இல்லையென்றால், அதே மாடலின் போர்டைத்தான் தேட வேண்டும். இடையில் மூன்றாவது வழி கிடையாது. இணையத்தில் விற்கும் 24 பின்னிலிருந்து 8 பின்னுக்கு மாற்றும் கம்பிகூட, பழைய போர்டுக்குச் சாதாரண எஸ்எம்பிஎஸ்ஸைப் பொருத்துவதற்குத்தான் உதவுமே தவிர, நான் சிக்கியிருந்த நிலைக்கு உதவாது.

இரண்டாம் முறை சென்னைக்குப் போகும்போது தயாராகச் சென்றேன். பழைய போர்டையே கழற்றி ஒரு பையில் எடுத்துக்கொண்டேன். அதன் மீது ஒட்டியிருந்த சிறு ஸ்டிக்கரில் பாக எண் இருந்தது. கணினியின் மாடல் பெயரைவிட அதுதான் உண்மையான அடையாளம். ஒரே மாடல் பெயரில் உயரமான பெட்டி, மெலிந்த பெட்டி என்று வகைகள் உண்டு. அவற்றின் போர்டுகள் வடிவத்திலேயே வேறுபடும். மாடல் பெயரை மட்டும் சொன்னபோது ஒரு கடையில் மெலிந்த பெட்டியின் போர்டை எடுத்து நீட்டினார்கள். கையில் பழையது இல்லாவிட்டால் அதையும் வாங்கி வந்திருப்பேன்.

ரிச்சி தெருவை ஒட்டிய நரசிங்கபுரம் தெருவில், அலுவலகங்கள் கழித்துவிட்ட கணினிகளை மொத்தமாக வாங்கிப் பிரித்து விற்கும் ஒரு சிறு கடையில், அதே எண் கொண்ட போர்டுகள் இரண்டு இருந்தன. முதல் போர்டின் பிராசசர் சாக்கெட்டைக் கைப்பேசி விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். இந்த வகைப் பிராசசரில் பின்கள் கிடையா. மயிரிழை போன்ற நூற்றுக்கணக்கான பின்கள் போர்டின் சாக்கெட்டில்தான் இருக்கும். வரிசையாக மின்னிய பின்களுக்கு நடுவே ஒரு மூலையில் இரண்டு மட்டும் வேறு திசையில் படுத்திருந்தன. அதை மறுத்துவிட்டு இரண்டாவதை எடுத்தேன். அதையும் கடையிலேயே இயக்கிக் காட்டச் சொல்லி, கணினியின் அடிப்படை அமைப்புகளை வைத்திருக்கும் பயாஸுக்குள் கடவுச்சொல் கேட்காமல் நுழைய முடிகிறதா என்று பார்த்த பிறகுதான் பணம் கொடுத்தேன். அலுவலகங்களிலிருந்து வரும் போர்டுகளில் பழைய நிர்வாகி போட்ட கடவுச்சொல் அப்படியே இருப்பதுண்டு. அதை நீக்கும் ஜம்பர் (போர்டில் செருகும் சிறு இணைப்புத் துண்டு) எல்லா மாடல்களிலும் இருக்கும் என்று நம்ப முடியாது. விலை 3,200 ரூபாய், பதினைந்து நாள் சோதனை உத்தரவாதம். நான் பணத்தை எண்ணிக் கொடுத்த பிறகு, சுவரோரம் அடுக்கியிருந்த கணினிகளைக் காட்டி, "இதே மாடல் ஃபுல் மிஷினே ஏழாயிரத்து ஐந்நூறுக்கு இருக்கே சார்" என்றார் கடைக்காரர். அவர் முகத்தைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

போர்டைப் பொருத்தும் வேலை, பயந்த அளவுக்குக் கடினமாக இல்லை. கழற்றுவதற்கு முன்பே ஒவ்வோர் இணைப்பையும் கைப்பேசியில் படம் எடுத்திருந்தேன். பிராசசர் மீதிருந்த, சூட்டைக் கடத்தும் பேஸ்ட் ஒன்பது ஆண்டில் காய்ந்த சுண்ணாம்பு போல் இறுகியிருந்தது. அத்தகைய நேரத்தில் விசிறித் தொகுதியை மேல்நோக்கி இழுக்காமல், இடமும் வலமும் மெதுவாகத் திருப்பி விடுவிக்க வேண்டும். பழையதைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, பயறு அளவு புதிய பேஸ்ட் வைத்தால் போதும். போர்டில் இருக்கும் பட்டன் செல்லையும் மாற்றிவிட்டேன். சிஆர்2032 என்ற எண்ணைச் சொன்னால் கடிகாரக் கடையிலும் தருவார்கள். பொத்தானை அழுத்தினேன். விளக்கு வெள்ளையாக எரிந்து, திரையில் நிறுவனத்தின் சின்னம் தோன்றியது. மனைவி உள்ளே போய்ச் சாமி படத்துக்கு விளக்கேற்றிவிட்டு வருவதற்குள் அடுத்த சிக்கல் வந்துவிட்டது.

துவக்கக்கூடிய டிஸ்க் எதுவும் இல்லை என்று கணினி சொன்னது. பயாஸில் டிஸ்க் தெரிகிறது, ஆனாலும் துவங்கவில்லை. அந்தத் தம்பி வந்து பார்த்து, பூட் முறை, அதாவது கணினி துவங்கும் முறை, யுஇஎஃப்ஐ என்ற புதிய வகையில் இருந்ததை லெகசி என்ற பழைய வகைக்கு மாற்றினார். இப்போது விண்டோஸ் சின்னம் வந்தது, சிறிது சுழன்றது, பிறகு நீலத் திரை. "இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ்", அதாவது துவங்க வேண்டிய டிஸ்கை அணுக முடியவில்லை என்ற வாசகம். மீண்டும் துவங்கும், மீண்டும் நீலத் திரை. ஒரு மணி நேரம் போராடிவிட்டு, "ஃபார்மட் பண்ணிட்டு விண்டோஸ் புதுசா போட்டுடலாம் சார், அரை நாள்ல முடிஞ்சிடும்" என்றார். எனக்கும் உடல் சோர்ந்து, சரி என்று சொல்லிவிடும் நிலையில்தான் இருந்தேன். தடுத்தது என் மனைவிதான். முதலில் அதில் இருப்பதை வெளியே எடுங்கள், பிறகு எதை வேண்டுமானாலும் அழியுங்கள் என்று பிடிவாதமாக நின்றார். தம்பியிடம் இருந்த, டிஸ்கை யுஎஸ்பியில் இணைக்கும் கம்பியை வாங்கி, மைத்துனரின் லேப்டாப்பில் எஸ்எஸ்டியை இணைத்தோம். அத்தனை கோப்புகளும் நலமாக இருந்தன. இரவு முழுவதும் நகலெடுத்தோம். ஒன்பது ஆண்டு உழைப்புக்கு அன்று வரை வேறு நகல் இருக்கவில்லை என்பதை எழுதும்போதே கூச்சமாக இருக்கிறது.

நீலத் திரைக்கான காரணம் மறுநாள் பிடிபட்டது. பயாஸில் டிஸ்குகளை எந்த முறையில் கையாள வேண்டும் என்று ஓர் அமைப்பு உண்டு. பெரும்பாலும் ஏஹெச்சிஐ என்ற வழக்கமான முறை, பல டிஸ்குகளைச் சேர்த்து இயக்குவதற்கான ரெய்டு என்ற இரண்டில் ஒன்றாக இருக்கும். இந்த மாடலில், டிஸ்க் ஒன்றே ஒன்று இருந்தாலும், ஆலையிலிருந்து ரெய்டு என்ற நிலையிலேயே அனுப்புகிறார்கள். 2019-இல் எஸ்எஸ்டி போட்டு விண்டோஸ் நிறுவியவர் அதை ஏஹெச்சிஐ என்று மாற்றியிருக்கிறார். யாரும் குறித்து வைக்கவில்லை. வாங்கி வந்த போர்டு ஆலை நிலையிலேயே இருந்தது. எந்த முறையில் நிறுவப்பட்டதோ அந்த முறைக்குரிய டிரைவரை, அதாவது டிஸ்கை இயக்கும் மென்பொருளைத்தான் விண்டோஸ் துவங்கும்போது ஏற்றும். முறை மாறினால் தன் டிஸ்கையே அதனால் படிக்க முடியாது. ஏஹெச்சிஐ என்று மாற்றிச் சேமித்ததும், அடுத்த நிமிடமே எங்கள் பழைய திரை, அதே பேஜ்மேக்கர் குறியோடு வந்து நின்றது. ஃபார்மட் செய்திருந்தால் எதற்காக அழித்தோம் என்பதே கடைசி வரை தெரிந்திருக்காது. உங்கள் கணினி இன்று நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது என்றால், பயாஸில் பூட் முறை, டிஸ்க் முறை ஆகிய இரண்டு பக்கங்களையும் படம் எடுத்து வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். போர்டு செத்த பிறகு அதைக் கேட்டு அறிய வழியில்லை.

உரிமங்கள் பற்றியும் சொல்ல வேண்டும். விண்டோஸ் 10-இன் டிஜிட்டல் உரிமம் போர்டைத்தான் அடையாளமாக வைத்திருக்கிறது. எங்களுக்கு வாய்த்த போர்டில் ஏற்கெனவே அதே புரோ பதிப்பு இயங்கியிருந்தது போலும். இணையத்தில் இணைத்ததும் தானாகவே செல்லுபடியானது. இது அதிர்ஷ்டம், ஹோம் பதிப்பின் உரிமம் உள்ள போர்டாக இருந்திருந்தால் புரோவுக்கு அது பயன்பட்டிருக்காது. மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உரிமத்தை முன்கூட்டியே இணைத்து வைத்திருப்பவர்கள், போர்டு மாறிய பிறகும் அதைக் கோரிப் பார்க்கலாம். டிஸ்கை விண்டோஸின் பிட்லாக்கர் என்ற பாதுகாப்பு வசதியால் பூட்டியிருப்பவர்கள், 48 இலக்க மீட்பு எண் கையில் இல்லாமல் போர்டைத் தொடவே வேண்டாம். எங்கள் கணக்கு மென்பொருளோ புதிய கணினி என்றே இதைக் கருதி முரண்டு பிடித்தது. விற்றவரிடம் பேசி மறுபதிவு செய்ய இரண்டு நாள் பிடித்தது.

எஸ்எம்பிஎஸ் 900, பயன்படாத போர்டு 2,900, பயன்படாத புதிய எஸ்எம்பிஎஸ் 850, சரியான போர்டு 3,200, பேஸ்டும் செல்லும் 190, தம்பிக்கு 500, இரண்டு பயணங்களுக்கு 760 என்று மொத்தம் 9,300 ரூபாய். பயன்படாத போர்டையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் அந்தத் தம்பியே 1,500 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டார். ஆக, 7,800 ரூபாயும் பன்னிரண்டு நாளும், கைவிட்டுப் போன நான்கு அழைப்பிதழ் வேலைகளும். அந்தக் கடையில் முழுக் கணினியின் விலை 7,500 என்பதை நினைவில் வைத்துப் பாருங்கள். முதல் நாளே அதை வாங்கி, எங்கள் எஸ்எஸ்டியை அதில் மாற்றிப் போட்டிருந்தால், இரண்டு மூன்று நாளில் முடிந்திருக்கும். எஸ்எம்பிஎஸ், ராம், விசிறி என்று உதிரிபாகங்களும் மிஞ்சியிருக்கும். பழைய நிறுவனக் கணினியின் போர்டு போனால் இன்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த வழியைத்தான்.

நான்காம் தலைமுறை இன்டெல் கணினிகளை விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. எனவே அந்தக் கணினியின் இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு, பேஜ்மேக்கருக்கு மட்டும் வைத்திருக்கிறோம். மின்னஞ்சலும் மற்றவையும் லேப்டாப்பில் நடக்கின்றன. போர்டின் பாக எண், "8 பின் எஸ்எம்பிஎஸ், லெகசி, ஏஹெச்சிஐ" என்ற குறிப்பு, சோதனைப் பொத்தான் இருக்கும் இடம் ஆகியவற்றை மனைவி ஓர் அழைப்பிதழ் அட்டையின் பின்புறத்தில் எழுதி, கேபினெட் மூடியின் உட்புறத்தில் ஒட்டி வைத்திருக்கிறார். யுபிஎஸ் பேட்டரியை, கணினி சரியான மறுநாளே மாற்றிவிட்டேன். அதற்கு ஆன செலவு 1,100 ரூபாய்.